முள்ளோடையில் பூஜ்யம்

சோதனைச் சாவடியில்
இறங்கி நில் என்றார்கள்.
இறங்கினேன்.
நின்றேனா என்பதுதான் வழக்கு.

கால் வைத்த இடத்தில் தரை இல்லை,
நாலு விரல் தள்ளி இருந்தது.
வண்டியைப் பிடித்தேன், வண்டி என்னைப் பிடித்தது,
இருவருமாகத் தடுப்புக் கம்பியில் சாய்ந்தோம்.
பின்வரிசையில் யாரோ சிரித்தான்:
"பெருசு முழு பாட்டில் போல."

பெருசுக்கு வயது ஐம்பத்தொன்று.
பெயர் தெய்வசிகாமணி.
மின்வாரியத்தில் வீடு வீடாய் ரீடிங் எடுப்பவன்.
போனது மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு,
குடித்தது இரண்டு தம்ளர் பாயசம்.
ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப்
பாகூர்ப் பக்கமிருந்து கடலூர்க்காரன் ஒருவன்
தள்ளாடி வந்தால்
பாயசம் என்று எந்தக் கோர்ட்டில் சொல்வது?

ஊது என்றார்கள். ஊதினேன்.
பெட்டி பூஜ்யம் காட்டியது.
ஏட்டுதான் வாசித்துச் சொன்னார்,
எனக்கு அது எட்டு மாதிரி இருந்தது.

மறுபடி ஊது. மறுபடி பூஜ்யம்.
நம்பாமல் டார்ச்சைத் தாழ்த்தி,
"சரி, அந்த வெள்ளைக் கோட்டுமேல நட" என்றார்.

"எந்தக் கோடு சார்?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை இப்போது.

*

விழுவது எனக்குப் புதிதில்லை.
மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி,
முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும்
மிச்சமிருந்த ஒரு படி.
புதுநகரில் யார் வாசலிலோ
கோலம் என்று மிதித்தது குழி.
முழங்காலில் தைலம் தேய்த்த அஞ்சலாட்சி
"எங்க பராக்குப் பார்த்துட்டு நடந்தீங்க" என்பாள்.
பராக்கே பார்க்க முடியாதவனிடம்.

செருப்பை மாற்றினேன்.
பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்தேன்.
சனி எட்டில் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல
நல்லெண்ணெய் விளக்குப் போட்டேன்,
அந்த விளக்கையும் தட்டிவிட்டேன்.

திருப்பாப்புலியூரில் கண் பரிசோதித்த பெண்
செருப்பைக் கழற்றிக் கால் சேர்த்து நிற்கச் சொன்னாள்.
கண்ணை மூடச் சொன்னாள்.
மூடியதும் தேர்போல் அசைந்தேன்.
"எல்லாருமே கொஞ்சம் ஆடுவாங்க சார்,
நீங்க திறந்துகிட்டும் ஆடுறீங்க."

வீட்டுக்கு வந்து முகத்தில் சோப்புப் போட்டு
எரியாமல் இருக்கக் கண்ணை இறுக்கியபோது கவனித்தேன்,
கை தானாகச் சுவரைத் தேடியது.
நிற்பது சும்மா இருப்பதில்லை போலிருக்கிறது.
பந்தல்காலை மூன்று கயிறு இழுக்கிறது:
பாதத்தில் ஒன்று, காதுக்குள் ஒன்று, கண்ணில் ஒன்று.
மூன்றாவது எத்தனை வருடமாய்த் தொய்ந்து கிடந்ததோ,
மற்ற இரண்டும் சொல்லாமல் தாங்கியிருக்கின்றன.

*

கண்ணாடி போட்ட முதல் நாள்
உலகம் ரொம்பக் கூர்மையாக இருந்தது,
வேப்பிலைக்கு விளிம்பு இருந்தது,
அஞ்சலாட்சியின் புருவத்தில் ஒரு தழும்பு.
எப்போது வந்தது என்று கேட்டேன்.
கல்யாணத்துக்கு முன்னாலேயே என்றாள்.

ஆனால் தரை எழும்பி வந்தது.
கீழ்ப்பாதிக் கண்ணாடி எழுத்துக்கு, படிக்கல்ல.
பழகும்வரை விழத்தான் செய்வீர்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
இப்போது புதுப்பெண்போல்
தலையை நன்றாகக் குனிந்து
மேல்பாதி வழியே படி பார்த்து இறங்குகிறேன்.

வண்டிப்பாளையத்தில்
தையல் மெஷின் ஓடும் அந்த வீடு.
மாடிப்படிக்கு அடியில் பழைய மீட்டர்.
டார்ச் அடித்தேன்.
மூன்று.
சந்தேகமே இல்லாத, வயிறு திறந்த மூன்று.
என் கையெழுத்தில் போன அட்டையில், அதே இடத்தில்,
எட்டு.

"இந்தத் தடவை ரொம்பக் கம்மியா இருக்கே சார்?"
மெஷினை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்.
"போன தடவை கட்ட முடியாம
தோடு வெச்சேன்."

தரை சரியாக அதன் இடத்தில் இருந்தது.
படி, நிலை, அவள் காது,
எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.
நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.